ஆறு வேளை

சனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் நலம், என் முதுகுவலி என்னைவிட நலம். நீங்களும் அண்ணியும் மருமகளும் நலந்தானே? ஆலை வாயிற்கூட்டங்களில் முழங்கி முழங்கி உங்கள் தொண்டை கட்டிவிட்டதாக அண்ணி எழுதியிருந்தார். உப்புநீரில் கொப்பளியுங்கள், இரண்டு நாள் வாயைத் திறக்காதீர்கள். பின்னது உங்களால் ஆகாது. முன்னதையாவது செய்யுங்கள்.

புதுச் செய்தி ஒன்று. மருமகள் சேரவிருக்கும் பள்ளியிலேயே என்னை மருந்தாளுநராக அமர்த்தியிருக்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் மருந்துக்கடையிலிருந்து அங்கே போகிறேன். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. குனிந்துதான் நுழைய வேண்டும். ஒரு மேசை, பூட்டுள்ள அலமாரி, கைகழுவும் தொட்டி. பிள்ளைகள் அதற்குள் எனக்கு 'மாத்திரை மிஸ்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள்.

முதல் வாரத்தில் நான் கண்டவற்றை உங்களிடம் சொன்னால் உடனே மேடை போடச் சொல்வீர்கள். மூச்சிரைப்புள்ள பிள்ளைகள் பதினொருவர். அவர்கள் பையிலிருந்த இன்ஹேலர்களில் நான்கு காலி! வெறுங்குழலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, மூச்சு வரும் வரும் என்று காத்திருந்த பிள்ளைகள், அண்ணா! அக்காவுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தங்கை விழுங்குகிறாள். வயிற்றுவலிக்குக் காய்ச்சல் மருந்து குடிக்கிறாள் இன்னொருத்தி. கேட்டால், "பாட்டில் கலர் நல்லாருந்துச்சு மிஸ்" என்கிறாள்.

ஆகவே விதி எழுதி வகுப்புதோறும் ஒட்டிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் நலப்படிவம் தர வேண்டும். படிவத்தில் இல்லாத மருந்து பையில் இருந்தால் ஆசிரியர் எடுத்து என் அலமாரியில் பூட்ட வேண்டும். புட்டியின் மேல்சீட்டைப் படிக்க வேண்டும். சத்து மாத்திரை, இருமல் மருந்து என்றால் நான் வரும் நாள்வரை காத்திருக்கலாம். வேறு எதுவானாலும் அந்த நிமிடமே என்னைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

ஆசிரியர்களைக் கூட்டி இதை விளக்கியபோது கணக்கு டீச்சர் எழுந்தார். மருமகளுக்கு வகுப்பாசிரியராகவும் விடுதிக் காப்பாளராகவும் வரப்போகிறவர் அவர்தாம். அரை மதிப்பெண்ணுக்கும் அசையாதவர் என்பதால் பிள்ளைகள் அவரை 'அரைமார்க்' என்கிறார்கள். "ஏம்மா, தலைவலி மாத்திரைகூடப் பையில வச்சுக்கக் கூடாதா? இவ்வளவு நேரம் உங்க பேச்சக் கேட்டதுக்கு எனக்கே ஒண்ணு வேணுமே!" என்றார். அவை அதிரச் சிரித்தது. ஆனால் விதியை வரி பிசகாமல் எழுதிக்கொண்டவர் அவர் ஒருவரே.

வெற்றுப் படிவம் இணைத்திருக்கிறேன். 'வலிப்பு' என்பதைத் தெளிவாக எழுதி, மருந்தின் பெயரையும் எழுதி, கையொப்பமிட்டு அனுப்புங்கள். அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை

*

சனவரி 19

அன்புத் தங்கைக்கு,

நலம்; நலமறிய விழைவு. தொண்டை தேறிவிட்டது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கடையில் நின்றுகொண்டே இராதே.

படிவத்தில் கையொப்பம் இட்டிருக்கிறேன். மற்ற இடங்களை உன் கையாலேயே நிரப்பிக்கொள். நோய் என்ற கட்டத்தில் 'எதுவுமில்லை' என்று எழுது. கிழித்தெறியுமுன் இதை முழுவதும் படி.

பழைய பள்ளியில் காலைக் கூட்டத்தின் நடுவே மகள் வலிப்பு வந்து விழுந்த நாளை நீ அறிவாய். அதன் பின் நடந்ததை நான் உனக்குச் சொன்னதில்லை. சன்னலோரம் தனிப் பலகை போட்டார்கள். "பிள்ளைக்குக் காத்தோட்டமா இருக்கும் சார்" என்றார் ஆசிரியர். ஏழு மாதம் அவள் தனியே உண்டாள். ஆயிரம் தொழிலாளரைத் தோளோடு தோள் நிற்க வைத்த எனக்கு, என் மகள் பக்கத்தில் ஒரு சிறுமியை உட்கார வைக்க முடியவில்லை, தங்கையே!

விடுதியில் இந்தச் சொல்லைக் கேட்டால் கதவைச் சாத்துவார்கள். வெளியூர்க் கிளைகளைக் கவனிக்கச் சங்கம் என்னை அனுப்புகிறது. அண்ணிக்கோ இரவு வேலை. விடுதி இல்லையேல் அவளுக்குப் படிப்பில்லை. மாத்திரையைச் சத்து மாத்திரைப் புட்டியில் மாற்றிக் கொடு. உன் கையால் நடப்பதில் பிழை நேராது. அண்ணியிடம் இதைப் பேச வேண்டா, அவள் அஞ்சுவாள்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மருமகள் நலமாக வந்து சேர்ந்தாள். அண்ணி அனுப்பிய போர்வையும் வந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்து மூன்று முறை மறுமொழி எழுதினேன், மூன்றையும் அடுப்பிலிட்டேன். மருந்தாளுநர் கல்வியில் முதல் நாள் கற்பித்தது ஒன்றுண்டு: உள்ளே இருப்பதன் பெயர்தான் வெளியே இருக்க வேண்டும். மற்றவையெல்லாம் அதற்குப் பிறகு. அதை முறி என்கிறீர்கள். யாருக்குத் தெரியாமல்? இரவு பகலாக அவளைக் காக்கப் போகிறவருக்குத் தெரியாமல்! விடுதியில் இதே நோயுள்ள பிள்ளைகள் இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். எவரும் கதவைச் சாத்தவில்லை.

இப்படி உறுதியாக இருந்தேன். விடுதிக்குப் போகுமுன் அவள் கடைக்கு வந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, தராசுத் தட்டைச் சுண்டிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, அந்த ஸ்கூல்ல என் பேரு என்னன்னு தெரியுமா? 'ஆட்டம்'. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூடப் பின்னாடி யாராச்சும் அப்படிச் சொல்வாங்க. இங்க எனக்கு என் பேரே இருக்கட்டும் அத்தை. ஒரே ஒரு வருசம்."

என் கை தோற்றது. படிவத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதினேன். அறுபது மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்துச் சத்து மாத்திரைப் புட்டியில் இட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று. ஒரு வேளையும் தவறலாகாது என்று சொன்னேன். எவரிடமும் சொல்லாதே என்றும் நானே சொன்னேன்.

ஆனால் என் கட்டளை இது: மார்ச்சு முடிவதற்குள் நீங்கள் வந்து தலைமையாசிரியரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். எந்த நாள் வருவீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

பிப்ரவரி 10

அன்புத் தங்கைக்கு,

நலமே. உன் கடிதம் கண்டு நெஞ்சு குளிர்ந்தேன். நீ என் உடன்பிறப்பு மட்டுமல்லை. என் மகளுக்கு இரண்டாம் தாய். ஞாயிறன்று அவள் தொலைபேசியில் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! நாளை வடக்குக் கிளைக்குப் புறப்படுகிறேன். கூட்டம் பதினாறு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

மார்ச்சு 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பயணத்தில் வேளாவேளைக்கு உண்கிறீர்களா? நான் கேட்ட நாளை நீங்கள் எழுதவில்லை. கூட்டங்களின் எண்ணிக்கை எழுதியிருந்தீர்கள்.

மருமகளை நீங்கள் பார்க்க வேண்டும். பந்தாட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்காரி ஒருத்தி ஓயாத வாய். இவள் அவளைவிட ஓயாத வாய். கணக்கில் இருபதுக்குப் பத்தொன்பதரை வாங்கிவிட்டு அந்த அரைக்காகக் கணக்கு டீச்சரோடு கால்மணி நேரம் வழக்காடியிருக்கிறாள். "உங்க அண்ணன் பொண்ணா? அதான பார்த்தேன். என்னையே மேடையில ஏத்தி எறக்கிட்டா!" என்று அவர் என்னிடம் வந்து சிரித்தார்.

சென்ற வெள்ளியன்று வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை ஆசிரியர்களுக்குக் கற்பித்தேன். ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையைக் காலைப் பிடித்து அழுத்தாதே, கடிகாரத்தைப் பார். நோயாளியாகப் படுத்துக் காட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்றேன். முதலில் கை தூக்கியவள் யார் தெரியுமா? தரையில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அறையே சிரித்தது. கணக்கு டீச்சர் மண்டியிட்டு அவளை எவ்வளவு பதமாகத் திருப்பினார்! அந்தத் தோளைத் தொட்ட கைக்குத் தான் தொடுவது எதுவென்று தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச்சில் இருபத்தைந்து நாள் மீதமிருக்கிறது. நாளைக் குறித்து எழுதுங்கள்.

உங்கள் தங்கை

*

ஏப்பிரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

மருமகளின் கைக்கட்டு எப்படி இருக்கிறது? நாக்கில் பட்ட காயம் ஆறியதா? வீடு போய்ச் சேர்ந்த செய்தியை அண்ணி தொலைபேசியில் சொன்னார். மருத்துவமனை நடைவழியில் அண்ணி பக்கத்தில் நின்றதால் நாம் ஒன்றும் பேசவில்லை. "எழுதறேன்" என்றீர்கள். ஆறு நாள் ஆயிற்று. நான் எழுதுகிறேன்.

நடந்ததை விசாரித்து அறிந்தேன். தேர்வு தொடங்குமுன் விடுதியில் பெட்டிகளைச் சோதிப்பது வழக்கம். வெள்ளி மாலை, நான் புறப்பட்டுப் போன பிறகு, கணக்கு டீச்சர் அவள் பெட்டியில் புட்டியைக் கண்டார். படிவத்தைப் பார்த்தார்: 'எதுவுமில்லை'. மேல்சீட்டைப் பார்த்தார்: சத்து மாத்திரை. என் விதிப்படி என் அலமாரியில் பூட்டினார். "டீச்சர், அது தினமும் போடணும்" என்று இவள் கேட்டிருக்கிறாள். "சத்து மாத்திரைதான? நாலு நாள் போடலன்னா சத்து எங்கயும் ஓடிடாது. செவ்வாய்க்கிழமை மாத்திரை மிஸ் வந்து குடுப்பாங்க" என்றாராம். சீட்டில் மட்டும் மெய்ப்பெயர் இருந்திருந்தால் அந்த நிமிடமே தொலைபேசி எடுத்திருப்பார். அப்படித்தானே எழுதி ஒட்டினேன்!

வெள்ளி இரவு, சனி இரண்டு, ஞாயிறு இரண்டு, திங்கள் காலை. ஆறு வேளை. சொல்லாதே என்ற நம் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அவள் ஆறு வேளை வாய்மூடி இருந்தாள். திங்கள் நண்பகல், தேர்வு முடிந்து இறங்கும்போது, என் அறைக்கு மேலுள்ள அதே படிகளில் விழுந்தாள்.

ஓடிவந்து அவளை ஒருக்களித்துத் திருப்பியவர் கணக்கு டீச்சர். நான்கு நிமிடம் பத்து நொடி என்று மருத்துவரிடம் சொன்னவரும் அவரே.

அவரை இடைநீக்கம் செய்துவிட்டார்கள், அண்ணா. மருந்தைப் பறித்தார் என்று பெற்றோர் வாயிலில் கூச்சலிட்டார்கள். விடுதி அறையையும் காலி செய்துவிட்டு, தோழி வீட்டில் தங்கியிருக்கிறார். இருபதாம் நாள் விசாரணை. வாருங்கள். இருவரும் சேர்ந்து நின்று உண்மையைச் சொல்வோம். ஒரு தொழிலாளியின் வேலை இது. உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

உங்கள் தங்கை

*

ஏப்பிரல் 15

அன்புத் தங்கைக்கு,

உன் மருமகள் தேறிவருகிறாள். கைக்கட்டு இன்னும் மூன்று வாரம். நீ எப்படி இருக்கிறாய்? முதுகுவலி குறைந்ததா? உறங்குகிறாயா? உன்னை நினைத்துத்தான் என் கவலையெல்லாம்.

விசாரணைக்கு வர இயலாத நிலை. மேற்குக் கிளையில் வேலைநிறுத்தம். நீ மனத்தை அலட்டிக்கொள்ளாதே. கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல். தானாக எதையும் பேசாதே. உணர்ச்சிவயப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ளாதே. செய்ய வேண்டியதை நான் செய்துகொண்டிருக்கிறேன். அண்ணன் இருக்கும்போது தங்கைக்கு ஒன்றும் வராது.

உன் அண்ணன்

*

ஏப்பிரல் 22

அண்ணனுக்கு,

மருமகளும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

'செய்ய வேண்டியதை நான் செய்துகொண்டிருக்கிறேன்' என்று பதினைந்தாம் நாள் எனக்கு எழுதினீர்கள். அதற்கு ஆறு நாள் முன்பே செய்து முடித்துவிட்டீர்கள். ஒன்பதாம் நாளிட்டுத் தலைமையாசிரியருக்கு நீங்கள் எழுதிய கடிதத்தை விசாரணையில் எல்லார் முன்னும் படித்தார்கள். அழகான தமிழ், அண்ணா. முற்றுப்புள்ளிகூடப் பிசகவில்லை. "என் தங்கை மருந்தாளுநர் என்பதால் படிவத்தை அவளிடம் நம்பி ஒப்படைத்தேன். அதில் அவள் என்ன எழுதினாள் என்பதை அறியேன். மருந்துப் புட்டியை மாற்றியதை என் மகள் விழுந்த பின்னரே அறிந்தேன். இருவர் மீதும், மாற்றிய மருந்தாளுநர் மீதும் பறித்த ஆசிரியர் மீதும், கடும் நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

இருவர் மீதும்! தங்கையைப் பலி கொடுத்தது போதவில்லை; ஒரு தொழிலாளியையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். ஆலை வாயிலில் நின்று, பிழையை மேலே செய்துவிட்டுப் பழியைக் கீழே தள்ளுகிறார்கள் என்று எத்தனை முறை முழங்கியிருப்பீர்கள்? அந்தக் கூட்டங்களில் முதல் வரிசையில் நின்று கைதட்டியவள் நான். கை வலிக்கத் தட்டினேன்.

என் முதுகுவலியை நீங்கள் விசாரித்திருந்ததை விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு படித்து அழுதேன். என் அண்ணன் எனக்காகக் கவலைப்படுகிறார் என்று அழுதேன். விசாரணையில் அழவில்லை.

என்னைக் கேட்டார்கள். "நிரப்பியது என் கை. பிரித்தது என் கை. இந்த ஆசிரியர் நான் எழுதிய விதியை எழுத்துப் பிசகாமல் செய்தார். பொய்ச்சீட்டை ஒட்டியவள் நான்" என்றேன். "யாராவது சொல்லித்தான் செஞ்சீங்களா?" என்று தலைமையாசிரியர் இரண்டு முறை கேட்டார். உங்கள் சனவரிக் கடிதம் என் கைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. உங்களைக் காப்பதற்கன்று. அண்ணன் சொன்னான் என்பதற்காக மருந்தின் பெயரை மாற்றுகிறவள், நாளை வேறு யார் சொன்னாலும் மாற்றுவாள். அந்தச் சாக்கைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலைமையாசிரியர் ஒன்று சொன்னார். "எழுதியிருந்தா சேர்த்திருப்போமேம்மா. கீழ்த்தளத்துல படுக்க வச்சிருப்போம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான், அண்ணா.

கணக்கு டீச்சருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்குப் பள்ளி இல்லை; உரிமம் ஓராண்டு நிறுத்தம். வெளியே வந்ததும் அவரிடம் போனேன். பேச வாயெடுத்தேன். கையமர்த்தினார். "நீங்க சொன்னதத்தாம்மா நான் செஞ்சேன். ஒரு வரி விடாம செஞ்சேன். நீங்க சொன்னத நீங்களே செய்யலியே" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிக் கேட்டுவிட்டுத் தோழியின் வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

தங்கை

*

மே 5

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் என்னைச் சுட்டது. நீ தனியாள், நான் தந்தை. பொய் சொன்ன பெற்றோரின் பிள்ளையை விடுதியில் மீண்டும் சேர்க்க மாட்டார்கள் என்று சொன்னார்கள். அவளுக்கு அந்தப் பள்ளி வேண்டும். உனக்கு ஓர் ஆண்டுதானே, அவளுக்கு வாழ்நாள். ஒருநாள் புரிந்துகொள்வாய்.

அவளை மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். பதினைந்தாம் நாள் விடுதிக்குத் திரும்புகிறாள்.

ஒரு சிறு வேண்டுகோள். சனவரியில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் வீணாகக் கிடக்க வேண்டா. பதிவஞ்சலில் அனுப்பிவிடு. உடல்நலம் பேணுக.

உன் அண்ணன்

*

மே 20

மருந்தாளுநர் அவர்களுக்கு,

நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன். கீழ்த்தளத்தில் படுக்கிறேன். புதிய மருத்துவர் சில செய்திகள் கேட்டிருக்கிறார். அதற்காக எழுதுகிறேன்.

சனவரி முதல் மார்ச்சு வரை அந்தப் புட்டியில் இருந்தவை அனைத்தும் ஒரே மாத்திரைதானா? இடையில் சத்து மாத்திரை எதுவும் கலந்திருந்ததா? அதன் பெயர், எடை, எந்த நாள் முதல், எந்த நாள் வரை என்று எழுத்தில் வேண்டும். புட்டியில் போட்டிருந்த பெயர் பொய் என்பதால் நான் என்ன சாப்பிட்டேன் என்று என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை.

என் பக்கத்தில் உட்காருகிறவளிடம் நானே சொல்லிவிட்டேன். "இதுக்கா இவ்வளவு நாள் மூடி வச்ச? அடுத்த தடவ வந்தா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் மேசையிலேயே எழுதிக்கொண்டாள். மேசையில் கிறுக்கியதற்குக் கணக்கு டீச்சர் அவளுக்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்.

அப்பா தமக்குத் தெரியாது என்கிறார். நீங்களோ, எல்லாம் உங்கள் கை செய்தது என்கிறீர்களாம். எது மெய் என்று நான் உங்களைக் கேட்கவில்லை. எவரிடமும் சொல்லாதே என்று அவர் வீட்டில் சொன்னார், நீங்கள் கடையில் சொன்னீர்கள். படியில் நான் தனியாகத்தான் விழுந்தேன்.

நான் புறப்படும்வரை தபால்காரர் வரும் நேரமெல்லாம் அப்பா வாயிலில் நின்றுகொண்டிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

மறுமொழியை விடுதி முகவரிக்கு அனுப்பவும். பார்க்க வர வேண்டா.

இப்படிக்கு,
மாணவி, ஒன்பதாம் வகுப்பு

*

மே 23

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கேட்டவை:

மாத்திரையின் பெயர் லெவெடிரசெட்டம். எடை ஐந்நூறு மில்லிகிராம். நான் கொடுத்தது சனவரி 29 இரவு முதல். புட்டியை நிறைத்தது இரண்டு முறை, முறைக்கு அறுபது. நீ கடைசியாக உண்டது மார்ச்சு 27, வெள்ளி காலை. சத்து மாத்திரை ஒன்றுகூட அதில் கலக்கவில்லை. பிரித்தெடுத்த உறைகளை எறியாமல் வைத்திருந்தேன். அவற்றையும் புட்டியில் மீந்த ஆறு மாத்திரைகளையும் பள்ளியின் புதிய மருந்தாளுநரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

இதை நான் எழுதினேன் என்பதற்காக நம்பிவிடாதே. மாத்திரை ஒவ்வொன்றின் மேலும் சிறிய எழுத்துகள் பொறித்திருக்கும். அவற்றை உறையில் உள்ளதோடு ஒப்பிட்டுக் காட்டும்படி அவரிடம் கேள். "நானே பார்த்துட்டேன், நீ போ" என்று சொன்னால் போகாதே. பக்கத்தில் நின்று, உன் கண்ணால், ஆறையும் பார். ஒத்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்.

அத்தை